உத்தரத்துக் கப்பல்கள்

பொன்னேரியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் உள்ளறையில், கூரையைத் தாங்கும் உத்தரத்தில் கப்பல்கள் செதுக்கியிருக்கிறார்கள் என்று குடிவந்த வாரமே கேள்விப்பட்டேன். ஆனால் அவற்றைப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாயிற்று.

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் வேலை. ரயிலில் போய் வருவார். வீட்டின் பின்கட்டு எங்களுக்கு வாடகைக்கு. முன்கட்டில் வீட்டுச் சொந்தக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அண்ணன் தம்பி இருவரில் இளையவர் என்பதால் ஊரில் அவரைச் சின்னவர் என்பார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். கப்பல் இருந்த அறையில் சின்னவரின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? கேட்டுப் பார்க்கிற சுபாவமும் எனக்கு இல்லை. அக்காவிடம் ஒரே ஒரு தடவை, பேச்சுவாக்கில் கேட்டேன்.

"கப்பல் கீது, மீன் கீது, தொப்பி போட்ட ஆளு ஒருத்தன் கீறான். எனக்குக் கீழ பெருக்கவே நேரம் சரியா கீது. மேல எங்க பாக்கறது?" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். என் மனம் விடவில்லை. சுற்றிலும் நெல் வயல். கடல் என்றால் பழவேற்காட்டுக்குத்தான் போகவேண்டும். இங்கே ஒரு வீட்டுக் கூரைக்குக் கப்பல் எதற்கு? அந்த வீட்டு முன்னோர் துணி வாங்கிக் கப்பலில் ஏற்றியவர்கள் என்று சிலர் சொன்னார்கள். உடைந்த கப்பலின் மரம்தான் அந்த உத்தரம் என்று பால்காரர் சொன்னார். சோறு வடிக்கும்போதெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருப்பேன்.

யோசனை எனக்கு, கவலை சின்னவருக்கு. ஆரணியில் கடை வைத்திருந்த அவருடைய அண்ணன், வீட்டை இடித்துவிட்டு வரிசையாகக் கடை கட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா உயிரோடு இருக்கிறவரைக்கும் அந்தப் பேச்சு மெதுவாக நடந்தது. வீட்டைச் சரித்திரச் சின்னம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டால் யாரும் இடிக்க முடியாது என்று சின்னவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உத்தரத்தைப் பற்றி அவர் மனு மேல் மனுவாக எழுதிப் போட்டார். யாரும் வரவில்லை.

அப்பா போய்விட்டார். பஞ்சாங்கம் பார்த்தவர், நட்சத்திரம் சரியில்லை, அடைப்பு என்று சொல்லிவிட்டார். உயிர் பிரிந்த அறையை ஆறு மாதம் பூட்டிவைக்கவேண்டும். திறந்தால் வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பது நம்பிக்கை. அறையைப் பூட்டி, சாவியை அக்கா இடுப்பில் செருகிக்கொண்டார். சாயங்காலம் கதவுக்கு முன்னால் ஒரு விளக்கு வைப்பார்.

அடைப்பு முடிய இன்னும் பல மாதம் இருக்கும்போதுதான், பழைய கட்டடங்களைப் பார்க்கும் இலாகாவிலிருந்து ஒருவர் ஸ்டேஷனிலிருந்து குடை பிடித்தபடி நடந்து வந்து சேர்ந்தார். அன்றைக்கு இறந்த அப்பாவுக்கு மாதப் படையல். ஆரணி அண்ணனும் வந்திருந்தார்.

வந்தவர் மோர் குடித்துவிட்டு, "அந்த ரூமைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். சின்னவர் அடைப்பு விஷயத்தைச் சொன்னார்.

"நான் சாயந்திர வண்டிக்குப் போகணும். மறுபடி இந்தப் பக்கம் அனுப்புவாங்களான்னு தெரியாது. பார்க்காம எழுதவும் முடியாது," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

சின்னவர், மனைவி இடுப்பில் இருந்த சாவியைப் பார்த்தார். "நைனா இருந்தா தொறக்கச் சொல்லியிருப்பாரு."

"நைனா இருந்தா ரூம்பு ஏன் பூட்டிக் கெடக்குது?" என்றார் அக்கா.

"தொறங்களேன், யாரு வேணான்றது?" என்று அண்ணன் வெற்றிலையை மடித்தார். "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா எங்கிட்ட வந்து அழுவக்கூடாது, அவ்ளோதான்."

சின்னவர் பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்தார். இழுத்தால் கையோடு வந்துவிடும் போலிருந்த பழைய பூட்டு. பிடித்தபடியே நின்றார். அக்கா அவரைத் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவரே கையை எடுத்துவிட்டார்.

அக்கா என்ன நினைத்தாரோ, விறுவிறுவென்று பக்கத்துச் சந்துக்குப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். அந்த அறைக்குச் சந்துப் பக்கம் ஒரு கம்பிச் சன்னல் உண்டு. அதன் கதவு எப்போதோ கழன்றுபோய்க் கோணிதான் தொங்கியது. அக்கா கோணியைத் தூக்கி மேலே செருகினார்.

"சன்னலும் ரூம்புல சேந்ததுதானே?" என்றார் அண்ணன்.

"கதவத்தான் அடைக்கச் சொன்னாங்க, மாமா. கோணியப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல."

ஒரு முக்காலியைப் போட்டார்கள். இலாகாக்காரர் ஏறி நின்று டார்ச் அடித்தார். உள்ளே ஒரே இருட்டு. உத்தரம் கரி பிடித்துக் கிடந்தது. வெளிச்சம் போன இடம் தெரியவில்லை. "ஒண்ணும் தெரியலையே," என்று இறங்கப் பார்த்தார்.

எங்கள் பின்கட்டில் என் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி ஒன்று இருந்தது, மரச்சட்டம் போட்டது. மத்தியானங்களில் அதில் வெயில் பட்டு, கூரையில் ஒரு சதுரம் விழும். அந்தச் சதுரம் நகர்வதை நான் படுத்துக்கொண்டு பார்ப்பதுண்டு. யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய், கண்ணாடியை எடுத்துவந்து, சந்தில் வெயில் விழுந்த இடத்தில் நின்று, சன்னலுக்குள் திருப்பினேன்.

உத்தரம் பளிச்சென்று தெரிந்தது.

"அப்படியே பிடிம்மா," என்று சொல்லிவிட்டு அவர் பென்சிலை எடுத்தார். நான் நின்ற இடத்திலிருந்தே கொஞ்சம் தெரிந்தது. முதலில் பாய் விரித்த கப்பல். நூல் மாதிரிக் கயிறுகள்கூடச் செதுக்கியிருந்தார்கள். கீழே வரிசையாக மீன்கள். பிறகு தொப்பிக்காரன், கையில் மடித்த துணி போல் ஏதோ. துணி ஏற்றிய கதைதான் சரி போலிருக்கிறது என்று நினைத்தேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். ஒரு தடவை கை தளர்ந்து வெளிச்சம் கீழே இறங்கிவிட்டது. வெறும் கட்டிலும், தலைமாட்டில் மடித்துவைத்த துண்டும் தெரிந்தன. சின்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டென்று மேலே தூக்கினேன்.

திடீரென்று வெளிச்சம் போய்விட்டது. அண்ணன் எனக்கும் வெயிலுக்கும் நடுவில் வந்து நின்றிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நகரு," என்றார் சின்னவர்.

"நான் நிக்கறது என் பங்குல வர எடம்."

கண்ணாடியைப் பிடித்தபடி நின்றேன். முக்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "நீங்களும் வந்து ஒரு தடவை பாருங்களேன்," என்று கீழே இறங்கினார். மறுத்தால் நன்றாயிருக்காது என்றோ என்னவோ, அண்ணன் ஏறினார். வெயில் திரும்ப வந்தது. அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னாடா இது, கப்பல்ல கோழி நிக்குது?"

சின்னவர் எட்டிப் பார்த்தார். இலாகாக்காரர் கோழியைக் கவனித்திருக்கவில்லை. "எங்கே, எங்கே?" என்று அண்ணன் இறங்கியதும் ஏறி, அதையும் வரைந்துகொண்டார். சின்ன வயதில் அந்த அறையில்தான் அண்ணன் தம்பி இருவரும் படுத்துத் தூங்கினார்களாம். ஒருநாளும் கோழியைக் கண்டதில்லையாம். கிளம்பும்போது அண்ணன், "நல்லாத்தான் கீது. அதுக்கோசரம் ஊட்ட வுட்ற முடியுமா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். சொன்னதோடு நிற்காமல் இலாகாவுக்கு ஆட்சேபணையும் எழுதிப் போட்டார்.

ஆனால் இலாகாக்காரர் வரைந்த படங்களே போதுமானவையாக இருந்தன. அடைப்பு முடிந்து, அறையைத் திறந்து சுத்தம் செய்த பிறகு, அவரே கேமராவோடு இன்னொரு தடவை வந்தார். அப்போது நானும் உள்ளே போய் நிதானமாக அண்ணாந்து பார்த்தேன். அடுத்த வருஷம் உத்தரவு வந்தது. நீலப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து வாசல் சுவரில் அறைந்தார்கள்.

அறைந்த ஆள் இறங்கி, "இனிமே ஒரு செங்கல் எடுக்கறதுன்னாலும் எழுதிக் கேட்டுத்தான் எடுக்கணும்," என்றார். சின்னவர் தெருவைப் பார்த்துத் தலை நிமிர்ந்து நின்றார். "இனிமே யாரும் கை வெக்க முடியாது."

அக்கா பலகையைப் பார்க்கவில்லை. "அடுப்பங்கரையில பொகை போக ஒரு ஓட்டை போட்டுத் தரேன்னு சொல்லிக்கினே இருந்தியே. அது?"

சின்னவர் பலகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"எழுதிக் கேக்கறேன்," என்றார்.