தாடியின் கைராசி

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் சிஐடி. அது அவளுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தால் அப்புறம் என்ன சிஐடி! வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். "எங்க அண்ணி பால் பாக்கெட்டைக்கூட விசாரிச்சுட்டுத்தான் ஃபிரிட்ஜுக்குள்ள விடுவாங்க" என்று நாத்தனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவளுக்கு நம்புகிற குணம் ஆகாது. அவள் வந்த பிறகு அங்கே ஒரு கோப்பு தொலைந்ததில்லை, ஒரு திருடன் உள்ளே நுழைந்ததில்லை. அதற்குக் காரணம் அவளுடைய சந்தேகப் புத்திதான் என்று மேனேஜரே கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கல்யாணப் பேச்சு நடக்கும்போதே அவருடைய லைசன்ஸை வாங்கித் தேதி பார்த்தவள் இவள். "முன்னப்பின்ன தெரியாதவன் கையில ஸ்டியரிங்கைக் கொடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கேன். எனக்கு வராத பயம் உனக்கு எங்கருந்து வருது?" என்பார் அவர்.

"உங்க காலடியில ஒரு பிரேக் இருக்கு. எனக்கு அது இல்ல" என்பாள்.

நோயாளிகள் தங்கள் ரத்தப் பரிசோதனை முடிவை வீட்டிலிருந்தே பார்க்க ஒரு புரோகிராம் இருந்தது. ரூபி மொழியில் அதை எழுதியவனுக்குத் தாடி என்று பெயர். கல்யாணத்துக்கு முந்தின நாள் தாடியை வழித்துவிட்டான். பெயர் மட்டும் போக மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது. நல்ல பையன், கொஞ்சம் வாய்த்துடுக்கு. அவனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அந்த மாதக் கடைசியில் உத்தரவு வர வேண்டியிருந்தது. இந்த நேரத்தில்தான் மேலிடத்துக்கு ஒரு யோசனை வந்தது. மற்ற எல்லா புரோகிராமும் ஜாவா மேல் ஓடுகிறது, இது மட்டும் எதற்குத் தனியாக? ரூபியையும் ஜாவா மேலேயே ஏற்றி ஓட்டுங்கள் என்றார்கள்.

"ஓடுற வண்டிக்கு எதுக்கு சார் வேற இன்ஜின்? வம்பை வெல கொடுத்து வாங்குறீங்க" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான் தாடி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சிஐடி அதை அப்படியே மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அந்தப் புரோகிராமை நோயாளிகளுக்கு எடுத்துக் காட்டுகிற வெப் சர்வரைப் புது மிஷினில் நிறுவுவது அவள் பொறுப்பு. முதல் படியிலேயே தடுக்கி விழுந்தது. அந்த வெப் சர்வருக்குள் ஒரு பகுதி சி மொழியில் எழுதியது, அது ஜாவா மேல் உட்காராது. ஜாவாவுக்கென்று தனிப் பதிப்பு இருக்கிறது. ஆனால் எந்தப் பதிப்பை எடுக்க வேண்டும் என்று பூட்டி வைக்கிற கோப்பு, பழையதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தது. அந்தக் கோப்பு யாருடையது? தாடியுடையது.

"அது என் லேப்டாப்ல தானா எழுதிக்கிட்டதுக்கா. நான் ஒண்ணும் கையால எழுதல" என்றான்.

அதைச் சரிசெய்து நிறுவினால், சர்வர் பழைய ரூபியைக் கூப்பிட்டது. மிஷினில் இரண்டு ரூபி இருந்தது, பழையது வரிசையில் முன்னால் நின்றது. அதை வைத்தது யார்? அதுவும் தாடி. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்ததாகச் சொன்னான். அவன் சொன்ன ஒவ்வொரு பதிலும் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க அவளுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. இவ்வளவு சரியாகவா ஒருத்தன் பதில் சொல்வான்!

அதற்கப்புறம்தான் பெரிய வினை வந்தது. மாடியில் தன் மேஜையிலிருந்து சர்வரைக் கிளப்பினால் அது எழுந்திருக்கவே இல்லை. பிழைச் செய்தி கிடையாது, புகார் கிடையாது. இரண்டு வரி எழுதிவிட்டுக் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது. பழைய மிஷினை அதற்குள் நிறுத்தியாகிவிட்டது, பரிசோதனை முடிவு வரவில்லை என்று வரவேற்பறைக்குப் போன் மேல் போன். வேறு வழியில்லாமல் தாடியைக் கூப்பிட்டாள். அவன் கீழே மிஷின் அறைக்குப் போய், அங்கிருந்த கீபோர்டில் உட்கார்ந்து ஏதோ தட்டினான். சர்வர் எழுந்துவிட்டது.

"என்ன பண்ண?"

"நீங்க கொடுத்த அதே கமாண்டுதான்கா. எல்லாம் நம்ம கைராசி!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் அவனுக்குச் சனி பிடித்தது. மிஷினை நிறுத்தி ஏற்றும்போதெல்லாம் இதே கூத்து. அவள் மாடியிலிருந்து கிளப்பினால் வராது, அவன் கீழே போய்த் தொட்டால் வரும். அவனைக் கீழே சும்மா பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு அவளே கமாண்டை அடித்துப் பார்த்தாள். வரவில்லை. அவன் உட்கார்ந்தான், வந்தது. அவன் விரல்களையே உற்றுப் பார்த்தாள். கமாண்டைக் கொடுத்துவிட்டு, காத்திருக்கும் நேரமெல்லாம் என்டர் பட்டனையும் அம்புக்குறிகளையும் டொக்கு டொக்கென்று இடித்துக்கொண்டே இருந்தான்.

"எதுக்கு அதத் தட்டிக்கிட்டே இருக்க?"

"பழக்கம்கா. லிஃப்ட் வரலன்னா பட்டனைப் பத்து தரம் அமுக்க மாட்டோமா, அது மாதிரி. என் கை சும்மா இருக்காது."

அவள் அப்படியில்லை. ஒரு தரம் அடிப்பாள், கையைக் கட்டிக்கொள்வாள், கண் கொட்டாமல் பார்ப்பாள். அவன் இடிப்பதில் ஏதோ ரகசிய வரிசை இருக்கிறது என்று நினைத்தாள். அவன் புரோகிராமை வரி விடாமல் படித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவன் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சி என்று முடிவு கட்டினாள். சந்தேகம் வந்துவிட்டால் இல்லாததும் சாட்சி சொல்லும்!

மேனேஜரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறானா?"

"அவன் தொட்டா வருது சார், தொடலன்னா வரல. நான் வேற என்னன்னு நினைக்கிறது?"

"எழுத்துல கொடுங்க மேடம். மத்ததை நான் பாத்துக்கிறேன்." அன்றைக்கே தாடியின் மிஷின் அறை கார்டைப் பிடுங்கி, கீழே பழைய கோப்புகள் அறையில் உட்காரவைத்துவிட்டார். எழுத்தில் போனால் நிரந்தர உத்தரவு கிடையாது, வேலையே கிடையாது. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "பாவம், சின்னப் பையன். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்திருக்கும்."

"ஒவ்வொரு தரமும் அதே காக்காவா வந்து உக்காரும்?"



மறுநாள் காலையில் மிஷினை நிறுத்தி ஏற்றிவிட்டு, அவளே கீழே போய் உட்கார்ந்தாள். கமாண்டைக் கொடுத்தாள். வழக்கம்போல் மௌனம். சரி, அது பாட்டுக்குக் கிடக்கட்டும், இங்கேயே புகாரை எழுதிவிடலாம் என்று அதே கீபோர்டில் இன்னொரு திரையைத் திறந்தாள். எழுத்து அவளுக்கு லேசில் வராது. எழுதினாள், அழித்தாள், கோபத்தில் மறுபடி எழுதினாள். 'மேற்படி நபரின் கை பட்டால் மட்டுமே சர்வர் இயங்குகிறது' என்று முடித்துவிட்டு முதல் திரைக்குத் திரும்பினாள்.

சர்வர் எழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

அறையில் அவளைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள், அங்கேயும் யாருமில்லை. சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். வரவில்லை. அப்புறம் வாய்க்கு வந்ததை உளறுகிற மாதிரி கைக்கு வந்த எழுத்தையெல்லாம் தட்டினாள். வந்தது!

மாடிக்கு ஓடினாள். அங்கிருந்து கிளப்பி, அது உறைந்து நின்றதும், நீ இப்போது எதற்காகக் காத்திருக்கிறாய் என்று ஜாவாவையே கேட்டாள். அதற்கென்று ஒரு கமாண்டு உண்டு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. அவள்தான் மிஷினை விட்டுவிட்டு மனுஷனைக் கேட்டுக்கொண்டிருந்தாளே. பதில் பளிச்சென்று வந்தது. ரகசியமான இணைப்புகளுக்கு யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். அந்த ஊகிக்க முடியாமையை மிஷின், ஒரு விரல் தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் இடையிலுள்ள இடைவெளி போன்றவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறது. பழைய ரூபி இருப்பதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். ஜாவா அப்படியில்லை, போதுமான அளவு சேரும்வரை நகராது. ஆளரவமில்லாத அறையில் புது மிஷின் எங்கே போய்ச் சேர்க்கும்? கீழே அந்தக் கீபோர்டில் யார் தட்டினாலும் வந்திருக்கும். தட்டிக்கொண்டே இருந்தவன் அவன் ஒருத்தன்தான். காக்க வைக்காத இடத்திலிருந்து எண்களை எடுத்துக்கொள் என்று ஜாவாவுக்கு ஒரே ஒரு வரி எழுதினாள். மாடியிலிருந்தே சர்வர் சட்டென்று எழுந்தது.

கோப்புகள் அறைக்குப் போனாள். தாடி லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கேட்டுவிட்டு மெதுவாக, "அப்போ நான் ஒண்ணும் பண்ணலையாக்கா?" என்றான்.

"என்னப்பா என்னைக் கேக்குற?"

"எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சுக்கா. தெரியாம ஏதாவது எழுதி வச்சிருக்கேனான்னு நேத்துல இருந்து நான் எழுதினதையே படிச்சிட்டிருக்கேன். வீட்டுல அவளும், நெஜமாவே நீ எதுவும் பண்ணலையான்னு கேட்டுட்டா."

"தப்பு என்னுதுப்பா. முழுக்க என்னுது" என்றாள். அவன் சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டினான்.

மேனேஜரிடமும் போய் ஒன்று விடாமல் சொன்னாள். கார்டு திரும்ப வந்தது, மாதக் கடைசியில் உத்தரவும் வந்தது. "எதுக்கும் அவன் மேல ஒரு கண்ணு வச்சிக்குங்க மேடம்" என்றார் மேனேஜர். "எதுக்கு சார்?" என்று அவள் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டதாம். சிஐடிக்கு இப்படிக் கோபம் வந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

இப்போது சர்வர் யார் துணையும் இல்லாமல் எழுந்துகொள்கிறது. மிஷின் அறையில் வேறு ஏதாவது சிக்கல் என்றால் அவள் தாடியைத்தான் கூப்பிடுகிறாள். உடனே வருகிறான், முன்போலவே பேசுகிறான், சிரிக்கிறான். ஆனால் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்கிறான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு.

"வந்து நீயே அடியேன்பா" என்பாள், நாற்காலியை விட்டு எழுந்து.

"வேணாம்கா. நான் சொல்றேன், நீங்களே அடிங்க."