ஜமுக்காளமா, பெஞ்சா

தச்சர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கோரிப்பாளையத்தில், ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சாலையின் ஓரத்தில் நான் வாடகைக்குப் பிடித்திருந்த இடம் அது. கீழே நீளமான ஓர் அறை, மேலே படுப்பதற்கு ஒரு சிற்றறை. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. இனி மரவேலைதான் மிச்சம்.

"ஜவுளிக் கடைன்னு சொன்னீங்க. மேடை கட்டி ஜமுக்காளம் விரிக்கிற கடையா, மேசை போட்டு நின்னு விக்கிற கடையா? அதைச் சொன்னாத்தானே தம்பி நான் மரம் எடுக்க முடியும்" என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் பாய் என்றேன்.

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க. பி.ஏ. படிச்சா 'நாளைக்கு'ங்கிறது மட்டும் நல்லா வரும் போல" என்று சிரித்துவிட்டு, அவர் தொழுகைக்குப் போனார்.

நான் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பதிலில் என் மனைவியும், பிறந்து சில மாதங்களே ஆகியிருந்த என் மகளும் அடங்கியிருந்தார்கள். பேறுகாலத்துக்காக அலங்காநல்லூருக்குப் பக்கத்திலிருந்த தகப்பன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அழைத்துவரப் போன என்னிடம் மாமனார் தன் முடிவைச் சொன்னார்.

"படிச்சிட்டு வேலை இல்லாம இருக்கவுக வீட்டுக்கு எம்புள்ளைய எதை நம்பி அனுப்புறது? கடை வைக்கப் போறேங்கிறீக. வைங்க. கடை ஓடுறதை எங்கண்ணால பாத்துட்டு நானே வண்டி கட்டிக் கொண்டாந்து விடுறேன்."

அவரைக் குறைசொல்ல என்னால் இயலவில்லை. அந்த மந்தமான ஆண்டுகளில் பட்டதாரிகள் பலர் விண்ணப்பம் எழுதியே பொழுதைக் கழித்தார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த எனக்கு, அவர்கள் விட்டுச்சென்ற சிறு வீட்டை விற்றதில் வந்த பணம் ஒன்றே துணை. அது தவறினால் மறுமுறை கிடையாது.

ஆகவே கடைகளைப் பார்த்துவரப் புறப்பட்டேன். பாலத்துக்கு அக்கரையில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஜவுளிக் கடைகளுக்கு எதிரே நின்று நான் கழித்த பகல்கள் பல. அவை எல்லாம் ஒரே அமைப்பு. தெருவை விட உயரமான தளம், அதன்மேல் ஜமுக்காளம், முதலாளி திண்டில் சாய்ந்திருப்பார். வருபவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, குடும்பத்தோடு வட்டமாக உட்காருவார்கள். தண்ணீர் வரும், வெற்றிலை வரும். சேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விரியும். அதன்பின் பேரம் தொடங்கும். முதலாளி எழுந்து போவதுபோல் நடிப்பார். வந்தவர் செருப்பை மாட்டிக்கொள்வார். மறுபடியும் இருவரும் உட்காருவார்கள். அதை ரசிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் அந்த ஜமுக்காளத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஒரு நாள் சேரியிலிருந்து வந்த கணவனும் மனைவியும் தெருவிலேயே நின்று துணி கேட்டார்கள். ஜமுக்காளத்தின் விளிம்பில் ஒரு சேலை வந்து விழுந்தது. அந்தப் பெண் இன்னொன்று காட்டச் சொல்ல வாயெடுத்து, பிறகு அதையே எடுத்துக்கொண்டாள். முதலில் சொன்ன விலையையே அவள் கணவன் கொடுத்துவிட்டு நடந்தான். அதே ரகச் சேலையை, உள்ளே உட்கார்ந்திருந்தவர் எவ்வளவு குறைத்து வாங்கினார் என்பதை நான் சற்று முன்பே கேட்டிருந்தேன்.

வண்டியில் துணியேற்றிச் சந்தை சந்தையாகப் போவதையும் எண்ணிப் பார்த்தேன். நகரத்துக்கு வர முடியாதவர்களிடம் கடையே போய்ச் சேரும். ஆனால் ஊர் ஊராய்த் திரிகிறவன் மனைவியை எந்த வீட்டுக்கு அழைப்பது? உடன் படித்த நண்பர் ஒருவர் கூட்டுறவுப் பண்டகசாலை என்றார். நல்ல யோசனை, ஆனால் உறுப்பினர் சேர்ந்து அது நிமிர்வதற்குள் என் மகள் பள்ளிக்குப் போய்விடுவாள்.

கடைசியில் தச்சரிடம் சொன்னேன். மேடை வேண்டாம், தெருமட்டத்திலேயே தளம். நடுவில் நீள மேசை. மேசைக்கு முன்னால், வருகிறவர்கள் உட்கார இரண்டு நீளப் பெஞ்சுகள். இரயில் நிலையத்துப் பெஞ்சில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. என் கடையிலும் கேட்கலாகாது என்பது என் எண்ணம். ஒவ்வொரு துணியிலும் விலைச் சீட்டு குத்தியிருக்கும். வாசலில் 'கறார் விலை' என்று பலகை தொங்கும். பேசத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் விலை ஒன்றே.

தச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஓடுச்சுன்னா நல்ல காரியம்தான்" என்றார். மேலறையின் விட்டத்தில், நான் கேட்டதற்கிணங்க, தொட்டிலுக்கு ஒரு கொக்கியும் அடித்துக் கொடுத்தார்.

கடை திறந்தது. திறந்ததும் எனக்குக் கிடைத்தது அமைதி. பக்கத்தில் அத்தர் விற்றவர் தினமும் எட்டிப் பார்ப்பார். "என்ன சார், ரெண்டு பெஞ்சு, ஒரு மேசை! கோர்ட்டு மாதிரியே இருக்கு. ஜட்ஜு எப்ப வருவாரு? எனக்கு ஒரு வழக்கு இருக்கு" என்பார். நானும் சிரிப்பேன். அவர் போனபிறகு கடை முன்னைவிட வெறிச்சோடித் தெரியும்.

வந்தவர்கள் இல்லாமல் இல்லை. துணைக்கு ஆளில்லாத பெண்கள் வந்தார்கள். சேரியிலிருந்து வந்தவர்கள் சிலநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிறகு உள்ளே வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்கள். "இன்னொண்ணு காட்டட்டுமா ஆத்தா?" என்று நான் கேட்டபோது ஒருத்தி, "காட்டுவீகளா?" என்று திருப்பிக் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக அன்று முழுவதும் மகிழ்ந்திருந்தேன். ஆனால் அவர்கள் வாங்குவது ஆண்டுக்கு ஒன்றிரண்டு துணி. ஜவுளிக் கடையை நிலைநிறுத்துவது கல்யாணமும் காதுகுத்தும்தான். அந்தக் கூட்டங்கள் என் பலகையைப் படித்துவிட்டுப் பாலத்தைக் கடந்து போயின.

மாலையில் கடைக்கதவைச் சாத்திவிட்டு, சாப்பாட்டுக் கடையில் உண்டுவிட்டு மேலே ஏறுவேன். பேசுவதற்கு ஆளில்லை. சட்டையைக் கழற்றித் தொட்டில் கொக்கியில் மாட்டுவேன். அறையில் வேறு ஆணி இருந்ததில்லை.

மகளுக்குக் காது குத்த நாள் வைத்துச் செய்தி வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். குழந்தைக்கும் தாய்க்கும் துணி எடுப்பதும் அவர் பொறுப்பு. என் மனைவியின் அண்ணன் என்மீது பிரியம் உள்ளவர். அவர் துணி எடுக்க வருவார் என்று, சிறு பாவாடைத் துணிகளையும் நல்ல சேலைகளையும் மேசைமேல் எடுத்து வைத்தேன். அவர் வாங்கிப் போனால் அந்த ஊர் முழுவதும் பின்னால் வரும். மாமனாரும் வண்டி கட்டுவார். இதில் நம்பிக்கை வைத்தது தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு முற்பகலில் வண்டி வந்தது. உள்ளே ஐந்தாறு பேர். நான் வாசலுக்கு வந்தேன். மச்சான் வண்டியிலிருந்தபடியே, "வாரேன் மாப்ள, டவுனுக்குப் போய்ட்டு வாரேன்" என்று கையை உயர்த்தினார். வண்டி பாலத்தில் இறங்கியது.

மாலையில் திரும்பும்போது வண்டியை நிறுத்தி அவரே இறங்கி வந்தார். பெஞ்சில் உட்காராமல் நின்றார்.

"மாப்ள, மனசுல வச்சுக்காதீக. துணி அங்கதான் எடுத்தேன்."

"என்னிடம் இல்லாததா மச்சான்?"

"இருக்கும், இருக்கும். இதைவிட நல்லதாவும் இருக்கும். ஆனா உங்க கடையில எனக்கு என்ன வேலை, சொல்லுங்க? சீட்டைப் பாத்து ரூவாயக் கொடுத்துட்டு வர்றதுக்கு ஒரு தாய்மாமன் எதுக்கு? பங்காளிக எல்லாம் சுத்தி உக்காந்திருக்காக. அந்த மொதலாளி சொன்ன விலைக்கு நான் மூணு தடவ செருப்ப மாட்டிட்டு எறங்குனேன். தங்கச்சி மகளுக்காக மாமன் எம்புட்டு மல்லுக்கட்டுனான்னு நாளைக்கு ஊரு பேசும். வாயைத் தொறக்காம வாங்குன சீருன்னா, வேண்டாவெறுப்பா வாங்கினான்னுல்ல சொல்லுவாக?"

மூட்டையின் முனையில் சேலைக் கரை தெரிந்தது. அதே ரகச் சேலை என் மேசைமேல் இருந்தது. என் விலை சற்றுக் குறைவாகவே இருந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. பேரம் என்பது பேசத் தெரிந்தவன் பெறும் சலுகை என்று மட்டுமே கணக்கிட்டு வைத்திருந்தேன். ஒருவன் தன் தங்கைமேல் வைத்த அன்பை நான்குபேர் அறியக் காட்டும் இடமும் அதுதான் என்பதற்கு என் மேசையிலும் பெஞ்சிலும் நான் இடம் விடவில்லை.

காதுகுத்தன்று ஊருக்குப் போனேன். மாமன் மடியில் அழுத மகளை வாங்க நான் கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்து இன்னும் உரக்க அழுதாள். யாரோ, "புதுசா ஒரு ஆளப் பாத்துப் பயந்துருச்சு" என்றார்கள்.

பந்தி முடிந்தபின் மாட்டுக் கொட்டகைப் பக்கம் என் மனைவி வந்து நின்றாள். புதுச்சேலை உடுத்தியிருந்தாள்.

"பலகையை எடுத்துட்டு, ஜமுக்காளத்தைப் போடச் சொல்றாக அப்பா. போட்டா மறுவாரமே அனுப்புறாகளாம்."

"போட்டால் சிலரைக் கீழே நிற்கவைக்க வேண்டும். எல்லாரையும் ஏற்றினால் உன் அப்பாவே ஏறமாட்டார்."

"விலையையாவது கூட்டிப் போட்டுக்கங்களேன். கேக்குறவுகளுக்குக் குறைச்சுக் கொடுத்தாப் போச்சு."

"கேட்கத் தெரியாதவர்கள்?"

அவள் முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றினாள்.

"நானும் கேக்கத் தெரியாமத்தானே இங்கயே கெடக்கேன்" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

விடைபெறும்போது மாமனார் அதே வார்த்தையைச் சொன்னார்: ஜமுக்காளம் போட்டால் மறுவாரம் வண்டி. நான் என்னால் இயன்ற பணிவோடு, "பெஞ்சு அப்படியேதான் இருக்கும் மாமா. அவளை அனுப்பிவையுங்கள்" என்றேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் ஒற்றையாகத் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே வயல்வெளி முழுதும் அறுப்பு முடிந்து கிடந்தது.

அதன்பிறகு பல வாரங்கள், நான் ஆடும் பந்தயத்தில் பணயமாக வைக்கப்பட்டவள் அவள் என்பதை நினைக்காத பொழுதில்லை. யாருக்காகவோ ஒரு நியாயத்தைக் காக்கிறேன். அதற்கான செலவை அவள் ஏற்கிறாள். தச்சரைக் கூப்பிட்டு மேடை கட்டிவிடலாம் என்று அவர் தெருவரை நடந்துபோய்த் திரும்பியதும் உண்டு.

ஒருநாள் காலை, துணி வாங்க வந்த இரண்டு பெண்களுக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அடுத்து பெஞ்சில் யாரோ வந்து உட்கார்ந்தது தெரிந்தது. நிமிர்ந்தேன். என் மனைவி. மடியில் மகள், காலடியில் ஒரு துணிமூட்டை. காலைப் பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள்.

"அவுகளுக்குக் காட்டுங்க மொதல்ல" என்றாள்.

அவர்கள் போனபின், "அப்பா?" என்று கேட்டேன்.

"கேட்டேன். போனாத் திரும்பி வராதன்னாக. வந்துட்டேன்."

மகள் தொட்டிலை மீறி வளர்ந்துவிட்டிருந்தாள். கொக்கியில் என் சட்டையே தொங்கியது. கடை பெருத்துவிடவில்லை, ஆனால் மூடவுமில்லை. துணையின்றி வருகிற பெண்கள் என் மனைவி இருப்பதறிந்து கூடுதலாக வந்தார்கள். மூவர் உண்ண அது போதுமாயிருந்தது. அவள் தந்தை சொன்னபடியே எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மச்சான் மட்டும் பண்டிகைக்கு யாரிடமாவது பலகாரம் கொடுத்துவிடுவார், தாமாக வந்ததில்லை.

அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வருகிற வண்டிகள் எங்கள் கடையைத் தாண்டித்தான் பாலத்துக்கு இறங்க வேண்டும். முற்பகலில் மாட்டுச் சலங்கை கேட்டால், துணி மடித்துக்கொண்டிருக்கும் அவள் எழுந்து வாசலுக்குப் போவாள். வண்டி கடந்துபோகும்வரை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, விட்ட மடிப்பைத் தேடி எடுப்பாள். யார் வண்டி என்று நான் கேட்பதில்லை.