மூன்றாவது படத்தில் இருந்த கீறல்

எங்கள் சர்ச் பாடகர் குழுவின் மிக்ஸர் ஈஸ்டருக்கு மறுவாரம் புகைந்து செத்தது. எல்லா மைக்குகளின் சத்தத்தையும் கூட்டிக் குறைத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி அது. புதிது வாங்க வசதியில்லை. பழையதாக ஒன்றைத் தேடும் பொறுப்பு, குழுவில் கீபோர்டு வாசிக்கும் என் கணவருக்கு வந்தது.

இரண்டே நாளில் ஆன்லைனில் ஒன்றைப் பிடித்துவிட்டார். விற்கிறவர் ராணுவத்தில் இருக்கிறாராம், மாற்றலாகிப் போகிறாராம்.

"பாதிப் பணம் இப்பவே போட்டா கூரியர்ல அனுப்பிடுவாராம். வெல ரொம்ப கம்மி. வேற யாராச்சும் வாங்கிடப் போறாங்க" என்றார். விரல் போனிலேயே இருந்தது.

"இருங்க, படத்தக் காட்டுங்க" என்றேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். ஒரு ஜோடியில் இடதுக்கும் வலதுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் கண் அங்கே போய் நின்றுவிடும். நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் இரண்டில் மிக்ஸரின் ஓரம் பளபளவென்று இருந்தது. மூன்றாவதில் அதே ஓரத்தில் நீளமாக ஒரு கீறல். நான்காவதில் கீறலைக் காணோம்.

"இது ஒரே மிக்ஸர் இல்லீங்க. எங்கெங்கயோ எடுத்த படம்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "மிலிட்டரிக்காரரு பொய் சொல்வாரா?"

நானே போன் செய்தேன். "சார், வீடியோ கால்ல வந்து ஆன் பண்ணிக் காட்டுங்க. உடனே பணம் போட்டுடறோம்."

"டூட்டில இருக்கேன் மேடம். போன் கேமராவும் ரிப்பேர்."

"அப்போ இந்தப் படம்லாம் இன்னாத்துல எடுத்தீங்க?"

லைன் கட்டானது. அடுத்த ஐந்து நிமிடத்தில் விளம்பரமே காணாமல் போனது.

பிறகு நாட்றம்பள்ளியில், கல்யாணங்களுக்கு சவுண்ட் செட் போடுகிற ஒருவர் தன் பழைய மிக்ஸரை விற்க விளம்பரம் போட்டிருந்தார். "நேர்ல வந்து பாருங்கம்மா, புடிச்சா எடுங்க" என்றார். சனிக்கிழமை ஷிப்ட் முடித்து, எங்கள் மைக்கும் ஒயருமாக பஸ் ஏறினோம். எட்டு சேனலிலும் ஒவ்வொன்றாக மைக்கைச் செருகி அவர் வீட்டுக் கூடத்திலேயே பாடினேன். ஆறாவதில் கரகரப்பு. அவர் முகம் சுளிக்கவில்லை. "தூசிம்மா" என்று கழற்றிச் சுத்தம் செய்து, திரும்பப் பாடச் சொன்னார். தெளிவாகக் கேட்டது. சமையலறையிலிருந்து வந்த அவர் மனைவி இன்னொரு பாட்டு பாடச் சொன்னார். அதையும் பாடிவிட்டுத்தான் பணம் கொடுத்தோம்.

மறுநாள் ஆராதனையில் கடைசி பெஞ்சு வரைக்கும் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தது. "யாரு பாத்து வாங்குனது?" என்று போதகர் கேட்டார்.

"இவதான் ஐயா. நான் ஏமாந்திருப்பேன்" என்று என் கணவர் எல்லார் முன்னாலும் என் பக்கம் கையை நீட்டினார்.

நான் வெட்கமே படாமல் எழுந்து நின்றேன்.