பஞ்சு மூடி

எரிபொருளாகும் பியூட்டனால் என்ற ஆல்கஹால், அதைத் தயாரிக்கும் பாக்டீரியாவையே கொன்றுவிடும். அதில் சாகாத ஒன்றைத் தேடி, பியூட்டனால் சிந்தி ஊறிய அல்லிநகரத்துப் பெயின்ட் பட்டறை மண்ணை என் ஆய்வு மாணவி அள்ளிவந்தாள். பியூட்டனால் ஊற்றிய குடுவையில் ஒரு பாக்டீரியா கொழுகொழுவென்று வளர்ந்தது. நான் கல்லூரி முழுக்கப் பெருமையடித்தேன்.

"சார், குடுவையில பியூட்டனால் வாடையே வரலையே?" என்றாள்.

"அம்புட்டையும் குடிச்சிருக்கும் ஆத்தா. நம்ம ஊரு பாக்டீரியாவாச்சே!"

குடித்தது தேனி வெயில். ரப்பர் மூடி எதற்கு, பஞ்சே போதும் என்று சொன்னவன் நான். பஞ்சு வழியே பியூட்டனால் ஆவியாகிப் போயிருந்தது. மறுபடி பியூட்டனால் ஊற்றி இறுக மூடியபோது பாக்டீரியா மறுநாளே செத்தது.

கல்லூரியின் ஆய்வுக் குழுவினர் தவறுக்குக் காரணம் கேட்டார்கள். "இந்தப் புள்ளதான் பஞ்சு வச்சிருச்சு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய ஆய்வை அன்றே நிறுத்தினார்கள். எனக்கு டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.