பதினேழாம் நம்பர் சாக்கெட்

இதைக் கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். நடந்தது என் அக்கா புருஷனுக்கு. எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொய்யால் வந்ததுதான் இவ்வளவும்.

இருட்டு, மழை, நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், மாடியில் துணி காய்கிற வெயிலில் நடந்தது. மாமா என்னிடம் சொல்லும்போது ஒரு கட்டத்துக்கு மேல் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பயத்தால் அல்ல, வெட்கத்தால்.

மாமா பஸ் டிப்போவில் டூல் ரூம் ஸ்டோர் கீப்பர். காலை ஆறு மணி ஷிஃப்ட், மத்தியானம் இரண்டு மணிக்கு முடியும். இரண்டரைக்கு வீட்டில் இருப்பார். அக்கா தையல் யூனிட்டில் வேலை முடித்து வர ஐந்தரை ஆகும். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரமும் மாமா மாடியில் இருக்கும் சின்ன அறையில்தான் இருப்பார். பழைய ராட்செட், சாக்கெட், ஸ்பானர், திருகுக் குறடு என்று சுவர் முழுக்க மாட்டி வைத்திருப்பார். பழைய இரும்புக் கடைகளில் மண்டி போட்டுப் பொறுக்கியவை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று கண்டுபிடித்து, சீட்டு எழுதி ஒட்டுவார்.

"எனக்கும் துரு பிடிச்சாத்தான் இந்த மனுஷன் என்னைத் திரும்பிப் பார்ப்பார்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

தெருவில் அவருக்கு ஸ்பானர் சார் என்று பெயர். யார் வீட்டுப் பரணில் பழைய டூல் கிடைத்தாலும் அவரிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். கையில் வாங்கி, விரலால் தடவி, அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்து, இரண்டு நிமிஷத்தில் ஜாதகமே சொல்லிவிடுவார். அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு.

அவர் உயிரையே வைத்திருந்தது ஒரு சாக்கெட் செட் மேல். சாக்கெட் என்றால் நட்டின் தலையில் தொப்பி மாதிரி மாட்டி, ராட்செட் கைப்பிடியால் திருகுகிற குழாய்த் துண்டு. அன்னப்பறவை முத்திரை போட்ட பழைய செட் அது. அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. ஒவ்வொன்றாகப் பதினோரு வருஷம் தேடிச் சேர்த்தார். மரப்பெட்டியில் குழி குடைந்து வரிசையாக வைத்திருந்தார். ஒரே ஒரு அளவுக்கான குழி காலி. பதினேழாம் நம்பர்.

ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் 2.50. ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு டூல் பெட்டி, ஒரு துணிப் பொட்டலம்.

"ஸ்பானர் சார் வீடுங்களா?"

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருபது நாள் முன்பு ஒரு கட்டடத்தில் வேலை செய்யும்போது இறந்துபோனான். மேலே சக்கரத்தில் ஒரு சாக்கெட் விழுந்து சிக்கி, லிஃப்ட் நழுவிவிட்டது. அது அவனுடைய சாக்கெட்தான், அவனே கவனக்குறைவாகப் போட்டுவிட்டான் என்று கம்பெனி சொல்கிறது. திங்கட்கிழமை விசாரணை. அவனுடைய சாமான்களோடு அதையும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள்; அது அவனுடையதுதானா என்று அவள் பார்த்துச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது சார். எம் பொண்ணு எட்டாவது படிக்கிறா. அப்பா கவனமில்லாத ஆளாம்மான்னு கேக்குறா. நீங்க பார்த்துச் சொன்னீங்கன்னா நான் நம்பிக்குவேன்."

பொட்டலத்தைப் பிரித்தாள்.

அன்னப்பறவை முத்திரை. குழாய்க்கு உள்ளே ஆறு மூலை. பதினேழாம் நம்பர்.

மாமா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவள் புருஷனுடைய பெட்டியைத் திறந்தார். எல்லாம் புதுசு, பளபளப்பு, பன்னிரண்டு மூலை வைத்தவை. வரிசையில் ஒன்றுகூடக் குறையவில்லை. பதினேழாம் நம்பரும் அதன் இடத்தில் இருந்தது. டூல் பிடித்துப் பழகிய யாருக்கும் பார்த்தவுடனே தெரியும். இது அவனுடையது இல்லை. இல்லவே இல்லை.

அதைச் சொன்னால் அவள் அந்தச் சாக்கெட்டை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பிறகு அது எந்தப் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளுமோ.

"அவரோடதுதானா சார்?"

மாமா தலையை ஆட்டினார். ஆமாம் என்று.

"பெட்டியில இன்னொண்ணு இருக்குதே சார், பதினேழுன்னு போட்டு?"

"மெக்கானிக்னா ரெண்டு ரெண்டு வெச்சிருப்பாங்கம்மா."

அவள் புருஷனுடைய பெட்டியை மூடிக் கையில் எடுத்தாள். பிறகு அந்தத் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள்.

"இதை வீட்டுல வெச்சுப் பார்க்க முடியாது சார். நீங்களே எங்கயாவது போட்டுடுங்க."

அவள் தெருமுனை திரும்பும்வரைகூட மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மாடிக்கு ஓடினார். 3.20-க்குக் காலிக் குழியில் சாக்கெட்டை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. செட் முழுசாகிவிட்டது.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சு மாப்ளே. அதான் கேவலம்" என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் மாடி அறையைத் திறந்தார். மணி 2.45. பெட்டி மூடியிருந்தது. பதினேழு மட்டும் வெளியே, பெஞ்சு மேல், நின்ற வாக்கில் இருந்தது. அக்கா துடைத்திருப்பாள் என்று நினைத்து எடுத்தார். உள்ளே விரல் பட்டது. பிசுபிசுப்பு. கறுப்பு கிரீஸ், புதுசு.

மாமா எதையும் கிரீஸோடு வைப்பதில்லை. அந்த வீட்டில் கிரீஸ் டப்பாவே கிடையாது. அக்காவோ அந்த அறைப் பக்கம் போயே ஒரு மாதம் ஆகிறது.

துடைத்து உள்ளே வைத்தார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். அப்போது கேட்டது.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்... டக்.

ராட்செட் சுற்றுகிற சத்தம். மூன்று கிர்ர், ஒரு டக். மறுபடியும் மூன்று கிர்ர், ஒரு டக். பக்கத்து வீட்டில் யாரோ பைக் கழற்றுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. மணி 3.10.

செவ்வாய்க்கிழமை. 2.40. அறைக் கதவைத் திறந்தார். வேலை பெஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் கால்களைப் பிடித்திருந்த நான்கு நட்டும் கழன்றிருந்தன. கீழே உருண்டு கிடக்கவில்லை. தரையில் வரிசையாக, சம இடைவெளி விட்டு, வேலை தெரிந்தவன் வைப்பதுபோல வைத்திருந்தது.

நான்கும் பதினேழாம் நம்பர் நட்டு.

அன்று மாமா சாப்பிடவில்லை. அக்கா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். அந்தப் பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. போய்ச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் தெருவில் தலை காட்ட முடியுமா என்றும் தோன்றியது. இரண்டாவதுதான் ஜெயித்தது.

புதன்கிழமை. 2.55. மாமா பெஞ்சுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நட்டுகளைத் திருப்பி முடுக்கியாகிவிட்டது. பெட்டி மடியில் இருந்தது, திறந்தபடி. ஜன்னல் வழியாக நல்ல வெயில்.

பெஞ்சுக்கு அடியில் இருப்பது வெளியே தெரியாமல் இருக்க அக்கா ஒரு திரை தைத்துப் போட்டிருந்தாள். அதற்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒரு பூனை படுக்கக்கூட இடம் கிடையாது.

3.10.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

டக்.

திரைக்குப் பின்னால் இருந்து வந்தது.

மாமா மடியில் இருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திரை கொஞ்சம் விலகியது.

ஒரு கை வெளியே வந்தது. வலது கை. முழங்கை வரைக்கும் நீலச் சட்டை. நகமெல்லாம் கறுப்பு கிரீஸ். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக், கண்ணைத் திருப்பாமல் டூல் கேட்டுக் கை நீட்டுவான் பாருங்கள்... அந்த மாதிரி.

காத்திருந்தது.

பிறகு குரல். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. வேலை நேரத்துக் குரல்.

"பதினேழு."

இந்த இடத்தில்தான் மாமா என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். இவ்வளவு நேரம் சொன்னதைவிட இனி சொல்லப்போவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் கை தானாகப் பெட்டிக்குள் போனது. பதினேழைத் தொட்டது. தொட்டுவிட்டு... பக்கத்தில் இருந்த பதினாறை எடுத்துக் கொடுத்தது.

ஆமாம். அப்போதும் மனசு வரவில்லை.

கை அதை வாங்கியது. கட்டைவிரலை உள்ளே விட்டு மெதுவாகத் தடவியது. ஒரு மூலை. இரண்டு. மூன்று...

நின்றது.

பதினாறைத் தரையில் வைத்தது. பதமாக. சத்தமே இல்லாமல்.

மறுபடியும் விரிந்தது.

"இது இல்ல."

அறை குளிரவில்லை. விளக்கு அணையவில்லை. வெளியே யாரோ துணி உதறுகிற சத்தம்கூடக் கேட்டது.

"பதினேழு."

மாமா கொடுத்தார்.

விரல்கள் மூடிக்கொண்டன. ஜில்லென்று ஒரு விரல் அவர் விரலில் பட்டது.

கை உள்ளே போனது.

கிர்ர்...

டக்.

அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்குத் தெரியாது. பார்த்தபோது மணி 3.40. திரையைக் கிழித்துப் போட்டார். அட்டைப் பெட்டிகள் அடுக்கியபடி இருந்தன. அவற்றின் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி, கலையாத தூசி. அந்தத் தூசியின் நடுவில் பதினேழாம் நம்பர் சாக்கெட் நின்றது.

வியாழக்கிழமை காலை டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டு அவள் வீட்டைத் தேடிப் போனார். இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவளிடம் உட்காரக்கூட இல்லாமல் சொன்னார்.

"அம்மா, இது உங்க வீட்டுக்காரரோடது இல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன் சார்" என்றாள். "உங்களை நம்பித்தான் போட்டேன்."

பிறகு கேட்டாள். "ஏன் சார்?"



"என் பெட்டியில ஒரு குழி காலியா இருந்துச்சும்மா."

உள்ளே பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த அந்தப் பெண் குழந்தை தலை பின்னுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையைப் பற்றி மாமா என்னிடம் அதற்குமேல் சொல்லவில்லை.

அன்றே இரண்டு பேரும் விசாரணை ஆபீசுக்குப் போனார்கள். அதிகாரி முன்னால் இந்தச் சாக்கெட்டையும் அவன் பெட்டியில் இருந்த பதினேழையும் வைத்து, மூலைகளை எண்ணிக் காட்டி, முத்திரையைக் காட்டி, மாமா விளக்கினார். அதிகாரி கேட்டார்: "அப்போ முன்னாடி ஏன் மாத்திச் சொன்னீங்க?" அந்தக் குழிக் கதையை அங்கேயும் சொல்ல வேண்டியிருந்தது. டைப் அடித்துக்கொண்டிருந்தவள் விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையும் அடித்தாள். மாமா அடியில் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை மறுபடியும் நடந்தது. இரண்டு மாதம் ஆனது. அவன் மேல் தப்பில்லை என்று எழுத்தில் வந்தது. சாக்கெட் யாருடையது என்று மட்டும் தெரியவில்லை. கம்பெனியில் இருந்த ஒரு மெக்கானிக்கிடமும் அந்த மாதிரி பழைய செட் கிடையாது. அது எப்படி அங்கே வந்தது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

காகிதம் வாங்கிய அன்று ஆபீஸ் படிக்கட்டில் அவள் மாமாவை நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும் சார். யாரும் வந்து உங்களைக் கேக்கல. நீங்களா வந்து சொன்னீங்க. ஏன்?"

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அவளிடம் இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். நட்டு, கிரீஸ், நீலச் சட்டை, உள்ளங்கை.

அவள் அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் கைதான் சார். அப்படித்தான் நீட்டுவார். திரும்பிப் பார்க்கவே மாட்டார்."

"குரல்கூட அமைதியாத்தாம்மா இருந்துச்சு. கோபமே இல்ல. பதினேழுன்னு மட்டும்தான் கேட்டார்."

அவள் ஒரு படி கீழே இறங்கினாள். நின்றாள்.

"யார் கேட்டாங்க?"

"அவர்தாம்மா..."

"இல்ல சார்." அவள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "நாலு வருஷம் முன்னாடி ஆபரேஷன் பண்ணாங்க. அதுக்கப்புறம் அவருக்குப் பேச்சே கிடையாது. ஒரு சத்தம்கூட வராது. அதனாலதான் கை நீட்டுவார்..."

மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் கூட வேற யார் சார் இருந்தாங்க?"