முதுகைக் காட்டி உட்கார்ந்த கூட்டம்

போன வருஷம் சம்பா நடவு முடிந்த கையோடு நடந்தது இது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தில், படித்த புத்தகத்தைப் பற்றி வாசகர்களே பேசும் கூட்டம் வைத்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கம் முடிவதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். படம் நிறைய இருக்கிறதே என்று சினிமா வரலாற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன்.

அதில் ஓரிடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேசாத படம் ஓடிய காலத்தில், திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று, படத்தில் நடப்பதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அட, இந்த வேலையைத்தானே நானும் செய்தேன்!

எங்கள் பக்கம் நடவு வயலில், சினிமா பார்த்துவிட்டு வந்தவள் மற்றவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும். எல்லோரும் குனிந்து நாற்றை ஊன்றிக்கொண்டே ‘ம்’ கொட்டுவார்கள். கொட்டகைக்குப் போக வழியில்லாத எத்தனையோ பேர் என் வாய் வழியாகத்தான் படம் பார்த்தார்கள். சண்டை வந்தால் நடவு பறக்கும். தாய் சாகக் கிடக்கிற மாதிரி அழுகைக் கட்டம் வந்தால் கை தளர்ந்துவிடும். வரப்பில் நின்று வேலை வாங்குபவர், "அந்தம்மாவைச் சீக்கிரம் சாகடிச்சுட்டு நடவைப் பாருங்கடி!" என்று கத்துவார்.

இதை நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்து, நூலகத்தம்மாவிடம் பேர் கொடுத்துவிட்டேன்.

அன்று முதலில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், பழைய ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்தவர்களைப் பற்றிய இலக்கிய வரலாற்றுப் புத்தகத்தைச் சொன்னார். அடுத்து, திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெண் ஒருவர், நம் நாடு ராக்கெட் விட்ட கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

போய் நின்றேன். எத்தனை கண்கள்! மைக் கொரகொர என்றது. என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

"பரவாயில்லம்மா, இன்னொரு நாளைக்குப் பேசிக்கலாம்" என்று நூலகத்தம்மா நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால், இன்றைக்கு இப்படியே போனால் இனிமேல் அந்த வாசற்படியை மிதிக்கவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து, என்னோடு நடவுக்கு வந்த பழைய கூட்டாளி சத்தமாகச் சொன்னாள்: "இவளா பேச மாட்டா? குனிஞ்சா வாய் ஓயாது, நிமிந்தா ஊமை! வயல்ல எவ மூஞ்சியும் தெரியாதுல்ல, அதான் அந்தப் பேச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். வளையல் கடைப் பெண் மட்டும் எழுந்துவிட்டார். "மூஞ்சி தெரியறதுதான் கஷ்டமாக்கா? அட, இவ்வளவுதானா!" என்று தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "நீங்க சொல்லுங்க, நாங்க ம் கொட்டுறோம்."

ஒவ்வொரு நாற்காலியாகக் கிறீச் கிறீச்சென்று திரும்பியது. வாத்தியாரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பி உட்கார்ந்தார். எதிரே வெறும் முதுகுகள். நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ம்" என்றார் அந்தப் பெண். "ம்" என்றது கூட்டம்.

அவ்வளவுதான், வாய் திறந்துவிட்டது. திரைக்குப் பக்கத்தில் நின்ற ஆளைச் சொன்னேன், எங்கள் வயலைச் சொன்னேன், அப்படியே பழைய படமொன்றின் கதைக்குள்ளேயும் போய்விட்டேன். தாய் உயிர் விடுகிற கட்டத்தில் நான் இழுத்த இழுப்பில், "சீக்கிரம் சாகடிடி, பஸ் போயிடும்!" என்று கூட்டாளி கத்த, முதுகுகளெல்லாம் குலுங்கின.

முடித்ததும், "இப்பத் திரும்பலாமுங்களா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் வாத்தியார்.

"திரும்புங்க" என்றேன். திரும்பிக் கைதட்டினார்கள். அத்தனை முகங்களையும் நின்று பார்த்தேன். பயமாக இல்லை.

கூச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால், முன்பின் தெரியாத ஒருத்தர் எனக்காகத் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டாரே, அதை நினைத்துக்கொண்டால் இப்போதெல்லாம் நிமிர்ந்து நின்றும் பேச வருகிறது.