எட்டு மாதத் தபால்காரர்

போன செவ்வாய்க்கிழமை, இரத்தோட்டையில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் கிளினிக்கில் என் மானம் கப்பலேறியது. ஏற்றிவிட்டது நானும் என் மனைவி சரோஜாவும்தான்.

எங்கள் மகன் குமரனுக்கு எட்டு மாதம். அவன் வயதுக் குழந்தை பக்கத்து வீட்டில் 'ங்கா... ப்பா...' என்று ஊரைக் கூட்டுகிறது. இவனோ ஒரு மாதமாக வாயே திறப்பதில்லை. கொஞ்சினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். காது கேட்கவில்லையோ? ஊமையாகிவிடுவானோ? பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட மிட்வைஃப் மிஸ்ஸி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டினார். சட்டென்று திரும்பினான்.

"காது நல்லாத்தான் கேக்குது. வீட்டுல பிள்ளையோட பேசுறீங்களா?"

"ஓயாம பேசுறோம் மிஸ்ஸி!" — இருவரும் ஒரே குரலில். ஒரு மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது!

"சரி, பிள்ளையோட கிளினிக் கார்டைக் குடுங்க."

சரோஜா குழந்தையைப் பார்த்தாள். "தங்கம், கார்டு எங்கேன்னு உங்கப்பாகிட்ட கேளு."

நானும் குழந்தையிடமே சொன்னேன். "உங்கம்மா பையிலதான் இருக்கு. கண்ணைத் தொறந்து தேடச் சொல்லுடா."

குமரன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உதடு பிதுங்கியது... வீறிட்டான்.

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். "இதுதான் நீங்க பேசுற லட்சணமா? பல்லுகூட முளைக்கல, அதுக்குள்ள தபால்காரன் வேலையா?"

உங்களிடம் மறைப்பானேன்? மாத்தளைத் தேர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போவதாகச் சரோஜாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, நண்பர்களோடு சீட்டாட உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து நேரடிப் பேச்சு இல்லை. கூப்பனுக்குக் கிடைத்த சீனி முடிந்தது, சட்டை கிழிந்தது... எல்லாம் குழந்தை வழியாகத்தான். நம் வீடுகளில் வழக்கம்தானே? வார்த்தை புரியாது என்று நினைப்பு. அதிலிருக்கும் காரம் புரியுமே! கொஞ்சும் குரல் எது, குத்தும் குரல் எது என்று தெரியாமல் பிள்ளை பாவம், வாயை மூடிக்கொண்டது. வெட்கமாக இருந்தது எனக்கு. கல்யாணம் கட்டினோம், பிள்ளை பெற்றோம் — நாங்கள் வளரத்தான் மறந்துவிட்டோம்.

பஸ்ஸில் சொன்னேன்: "தேர் விஷயத்துல என் மேலதான் பிழை, சரோஜா."

அவள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வருஷமாச்சும் கூட்டிட்டுப் போங்க. இப்ப இந்தப் பையைப் பிடிங்க."

அன்றைக்கு அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நேற்றுக் காலை சவர நுரையோடு நின்ற என்னைப் பார்த்துச் சரோஜா கேலி செய்ய, நான் சிரிக்க... பாயிலிருந்து சன்னமாக ஒரு 'ங்கா'! கண் கலங்கிவிட்டது எனக்கு.

சண்டை இனியும் வரும். ஆனால் எட்டு மாதத்திலேயே பென்ஷன் வாங்கிய தபால்காரர், இந்த நாட்டில் என் மகன் ஒருவன்தான்.